மடிக்கணினிக்கு மூடி போட்ட கதை

போன மாசம் ஒரு நாள் ராத்திரி பொண்ணு வந்து, "அப்பா, இந்த மவுஸ் பட்டை அமுங்கவே மாட்டேங்குது"ன்னு தன்னோட மடிக்கணினியை நீட்டினா. வாங்கி மேசையில வெச்சேன். நாலு காலும் பதியாம, சமமில்லாத தரையில போட்ட ஸ்டூல் மாதிரி ஆடிச்சு. திருப்பிப் பாத்தா அடிவயிறு லேசா உப்பியிருக்கு. பேட்டரி வீங்கிப் போச்சு மக்களே.

வாங்கி நாலு வருஷம் ஆகுது. கடைசித் தவணை கட்டி ரெண்டரை வருஷம். படிப்பு, ப்ராஜெக்ட், எல்லாம் அதுக்குள்ளதான். மறுநாள் சர்வீஸ் சென்டர் போனேன் (எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்). கவுண்டர்ல இருந்த பையன் ரொம்ப மரியாதையா பேசினான். பேட்டரி தனியா வராதாம். மேல் மூடி, கீபோர்டு, மவுஸ் பட்டை, பேட்டரி எல்லாம் ஒண்ணா ஒட்டின ஒரே பாகமாம். மாத்தினா 28,000 ரூபாய்.

"தம்பி, கீபோர்டு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா அதுவும் சேந்துதான் சார் மாறும்."

செருப்பு வாரு அறுந்தா காலையும் சேத்து மாத்தணும்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. யோசிச்சு சொல்றேன்னு வீட்டுக்கு வந்துட்டேன்.

வந்ததும் பரண்ல ஏறினேன். எதுக்குன்னு தங்கமணி கேட்டதுக்கு பதில் சொல்லல. அங்க 2007ல நான் வாங்கின பழைய பொட்டி கிடந்துச்சு. குண்டு, கறுப்பு, கிட்டத்தட்ட மூணு கிலோ. அதைக் கவுத்துப் போட்டு ரெண்டு தாழ்ப்பாளைக் கட்டை விரலால நகத்தினேன். 'டக்'னு பேட்டரி கையில வந்துடுச்சு. ஸ்க்ரூ டிரைவர் கூட வேணாம். அஞ்சு செகண்டு.

ஒரு பக்கம் அஞ்சு செகண்டு, இன்னொரு பக்கம் 28,000 ரூபாய். இந்த ரெண்டுக்கும் நடுவுல என்னதான் நடந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

*

கதை ஆரம்பிக்கிற இடத்துல ஒரு நம்மூர் சங்கதி இருக்கு. தூக்கிட்டுப் போற கணினின்னு விற்பனையில முதல்ல பெரிசா ஜெயிச்சது ஆஸ்போர்ன் 1. 1981ல் அமெரிக்காவில் வந்தது. விலை 1,795 டாலர். எடை சுமார் 11 கிலோ. அதாவது ஒரு கையில பத்துக் கிலோ அரிசிப்பையைத் தூக்கிட்டு விமானம் ஏறுற மாதிரி. திரை 5 அங்குலம். ரெண்டு ஃப்ளாப்பி டிரைவ், 64 கேபி நினைவகம், செட்80 சிப். உள்ளே பேட்டரியே கிடையாது, சுவத்துல செருகினாத்தான் ஓடும். மடியில வெச்சா தொடை எலும்புக்கு நான் உத்தரவாதம் இல்ல.

இதைக் கொண்டு வந்த ஆடம் ஆஸ்போர்ன் யாருன்னா, ரமண மகரிஷியைப் பத்தி ஆங்கிலத்தில் புத்தகங்கள் எழுதிய ஆர்தர் ஆஸ்போர்னின் மகன். 1939ல் பாங்காக்கில் பிறந்து, சின்ன வயசுல பெரும் பகுதியைத் திருவண்ணாமலையில் கழிச்சவர். தமிழ் சரளமா பேசுவார். பிறகு இங்கிலாந்து, அமெரிக்கான்னு போய், கணினிப் புத்தகங்கள் எழுதிப் பதிப்பித்து, அப்புறம் கணினியே செய்ய இறங்கினார். 1983லேயே கம்பெனி திவாலாயிடுச்சு. கடைசியில் மூளை சம்பந்தமான நோயோடு கொடைக்கானல்ல இருந்த தன் அக்கா தங்கை குடும்பத்துப் பக்கமே வந்து சேர்ந்து, 2003 மார்ச் மாதம் அங்கேயே காலமானார். மலையும் ஆசிரமமும் பாத்து வளந்த பையன், உலகத்துக்குத் தூக்கிட்டுப் போற கணினியைக் குடுத்துட்டு, திரும்பி ஒரு மலைக்கே வந்து கண்ணை மூடியிருக்கார். இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு வேலையே ஓடல.

ஆனா நம்ம கதைக்கு அவரை விட முக்கியமானவர் அந்தப் பொட்டியை வடிவமைச்சவர். பேரு லீ ஃபெல்சன்ஸ்டைன். கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற ஹோம்ப்ரூ கணினி சங்கத்தின் கூட்டங்களை நடத்தியவர். இவாண் இலிச் என்ற சிந்தனையாளரின் 1973 புத்தகம் ஒண்ணு அவரை ரொம்ப பாதிச்சுது. கருவிங்கிறது மனுஷனுக்குப் புரியற மாதிரி, அவன் கையில அடங்குற மாதிரி இருக்கணும், இல்லேன்னா மனுஷன் கருவிக்கு அடங்கிப் போயிடுவான்ங்கிறது இலிச்சின் வாதம். மத்திய அமெரிக்கக் கிராமங்களுக்கு ரேடியோ வந்தப்போ, சீக்கிரமே அங்கங்கே அதைத் திறந்து ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச ஆட்கள் தானா முளைச்சுட்டாங்கங்கிற சங்கதியும் இலிச் வழியாத்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

அதிலிருந்து ஃபெல்சன்ஸ்டைன் ஒரு முடிவுக்கு வந்தார். பொது இடத்துல ஒரு கணினி உயிரோட இருக்கணும்னா, அதைச் சுத்தி ஒரு சங்கம் வளரணும். அதாவது, அதைத் திறந்து பாத்து, கெட்டா சரி பண்ணி, அடுத்தவனுக்கும் சொல்லிக் குடுக்கிற நாலு பேர் வேணும். கம்பெனிக்காரன் வந்து காப்பாத்துவான்னு உக்காந்திருந்தா பொட்டி செத்துடும்.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் முடிச்சுப் போட்டு வெச்சுக்குங்க. கடைசியில அவிழ்க்கலாம்.

*

ஆஸ்போர்னுக்கு அடுத்த வருஷமே, 1982ல், கிரிட் காம்பஸ்னு ஒண்ணு வந்தது. பில் மாக்ரிட்ஜ் வடிவமைச்சது. இன்னிக்கு நாம பாக்கிற, புத்தகம் மாதிரி மடிச்சுத் திறக்கிற வடிவம் அதிலிருந்துதான். விலை 8,150 டாலர். சாமானியன் பக்கத்துல போக முடியாது. விண்வெளி ஓடத்தில் எல்லாம் எடுத்துட்டுப் போனாங்க. அதோட உடம்பு மெக்னீசியம் உலோகம். ஏன்னா உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ள அந்த உடம்பே பயன்பட்டுச்சு.

சூடு. மடிக்கணினியை யார் திறந்தாலும் முக்கால்வாசி நேரம் காரணம் இதுதான். 90கள்ல சிப்புகளோட வேகம் ஏற ஏற உடம்பு வழியா மட்டும் சூட்டை விரட்ட முடியல. சின்ன மின்விசிறியும், வெப்பக் குழாயும் உள்ளே வந்தது. வெப்பக் குழாய் ஒரு அழகான சமாச்சாரம். பாக்க வெறும் செம்புப் பட்டை மாதிரி இருக்கும். உள்ளே கொஞ்சூண்டு தண்ணி, காத்தை உறிஞ்சி எடுத்து மூடியிருப்பாங்க. சிப்பு பக்கம் தண்ணி ஆவியாகி மறு முனைக்கு ஓடும். அங்க விசிறிக் காத்துல குளிர்ந்து தண்ணியாகி, உள் சுவத்துல இருக்கிற திரி மாதிரியான பொருள் வழியா திரும்பி வரும். மோட்டார் இல்ல, சத்தம் இல்ல. 1963ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் க்ரோவர் விண்வெளி வேலைக்காகச் செஞ்சது, நம்ம தொடை மேல வந்து உக்காந்துடுச்சு.

விசிறி வந்தா கூடவே தூசியும் வரும். விசிறிக்கும் அந்த மெல்லிய செம்புத் தகடுகளுக்கும் நடுவுல தூசி படிஞ்சு படிஞ்சு, கம்பளித் துண்டு மாதிரி ஒரு திரை கட்டிடும். அப்புறம் விசிறி எவ்வளவு கத்தினாலும் காத்து போகாது. ஆக, எப்பவாவது ஒரு தடவை திறந்தே ஆகணும்ங்கிறது அந்த வடிவத்திலேயே இருக்கு.

இதை நல்லா புரிஞ்சு செஞ்சவங்கன்னு ஐபிஎம்மைச் சொல்லலாம். 1992ல் திங்க்பேட் வந்தது. அந்த வரிசைக்கு ஐபிஎம் பராமரிப்புக் கையேடுகளை வெளிப்படையாவே போட்டாங்க. 2005ல் லெனோவோ கைக்கு மாறின பிறகும் அது தொடர்ந்தது. படிச்சுப் பாத்தா, சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். முதல்ல பேட்டரி. அப்புறம் இந்த ஸ்க்ரூ, இத்தனை எண்ணிக்கை, இந்த நீளம். கீபோர்டை எடுக்க எந்த ஸ்க்ரூ, நினைவகத்துக்கு எதுன்னு பொட்டியோட அடியிலேயே சின்னச் சின்னப் படமா செதுக்கியிருப்பாங்க. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி எண். அந்த எண்ணைச் சொன்னா ரிச்சி தெருவிலேயும் கிடைக்கும், சிங்கப்பூர்லயும் கிடைக்கும். கம்பெனி, 'இது உன் பொட்டி, திறக்கத்தான் போற, ஒழுங்கா திற'ன்னு சொன்ன மாதிரி.

எல்லாரும் அப்படி இல்ல. 2012ல் ஆஸ்திரேலியாவில் ஒருத்தர் மடிக்கணினிக் கையேடுகளைச் சேகரிச்சு எல்லாருக்கும் இலவசமா குடுத்துட்டு இருந்தார். டோஷிபா கையேடுகளை எடுக்கச் சொல்லி அந்த நிறுவனம் பதிப்புரிமையைக் காட்டி நோட்டீஸ் விட்டுச்சு. அவரும் எடுத்துட்டார். ஸ்க்ரூ எங்க இருக்குன்னு சொல்றதுக்குப் பதிப்புரிமை!

*

இங்க ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன்.

நான் முதல் தடவை மடிக்கணினியைத் திறந்தது 2009ல். மேல சொன்ன பரண் பொட்டிதான். ஹெலிகாப்டர் மாதிரி சத்தம், அரை மணி நேரத்துல தானா அணைஞ்சுடும். கடையில காட்டினா 'மதர்போர்டு போச்சு சார்'னு சொல்லிட்டாங்க. போனது போச்சு, திறந்துதான் பாப்போமேன்னு ஞாயித்துக்கிழமை மதியம் உக்காந்தேன்.

முதல் பாடம், ஸ்க்ரூவைக் கழட்டுறது கஷ்டமில்ல, எது எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் வெச்சுக்கிறதுதான் கஷ்டம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஆனா நீளம் ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில போட்டு முறுக்கினா போர்டைக் குத்திடும். அதனால ஒரு வெள்ளைத் தாள்ல பொட்டியோட படத்தை வரைஞ்சு, கழட்டின ஸ்க்ரூவை அந்தந்த இடத்துலயே செல்லோ டேப் போட்டு ஒட்டி வெச்சேன். இது எனக்கே தோணின ஐடியா. அப்புறம் பாத்தா ஊர்ல எல்லாரும் இதைத்தான் செய்யறாங்க. முட்டை அட்டையில போடற கோஷ்டியும் உண்டு.

ரெண்டாவது பாடம், எதையும் இழுக்கக் கூடாது. கீபோர்டைத் தூக்கினா அடியில ஒரு பட்டை ஒயர் இருக்கும். அது செருகியிருக்கிற இடத்துல நகம் அளவு ஒரு தாழ்ப்பாள். அதை நிமிர்த்தினா ஒயர் தானா வரும். இது தெரியாம இழுத்து, தாழ்ப்பாளை உடைச்சவங்க எத்தனை பேர்னு இதைப் படிக்கிறவங்கள்ல கை தூக்கச் சொன்னா எனக்குத் துணை கிடைக்கும். ஹி ஹி.

விசிறியைக் கழட்டி ஓரத்துல பாத்தா, நான் சொன்ன அதே கம்பளித் துண்டு. பூனை முடி, பஞ்சு, எங்க தெரு மண்ணு எல்லாம் சேந்து ஒரே ஒரு பாய் மாதிரி. இடுக்கியால பிடிச்சு முழுசா உரிச்சு எடுத்தேன். விசிறி இறக்கை சுத்தாம பல்குச்சியால தடுத்துட்டு (ஊதற வேகத்துல அது கன்னாபின்னான்னு சுத்தினா கெட்டுப் போகும்) மீதியை ஊதிச் சுத்தம் பண்ணினேன். சிப்பு மேல காஞ்சு போன பழைய பசையைத் துடைச்சுட்டு, பச்சைப்பயறு அளவு புதுசு வெச்சு மூடினேன். ஒரு ஸ்க்ரூ மிச்சம் வந்துச்சு. அது இன்னிக்கு வரைக்கும் எங்க ஊசி நூல் டப்பாவுலதான் இருக்கு.

பவர் பட்டனை அழுத்தினேன். வந்துச்சு. சத்தமே இல்ல. 'மதர்போர்டு போச்சு'ன்னு சொன்ன பொட்டி அதுக்கப்புறம் ஆறு வருஷம் ஓடிச்சு. அன்னிக்கு நான் செலவு பண்ணினது பசைக்கு மட்டும் 90 ரூபாய். ஆனா எனக்குக் கிடைச்சது காசு இல்ல. 'போச்சு'ன்னு ஒருத்தர் சொன்னா, 'எங்க, காட்டுங்க'ன்னு திருப்பிக் கேக்கிற தைரியம். அன்னிக்குத்தான் அந்தப் பொட்டி உண்மையிலேயே எனக்குச் சொந்தமாச்சு.

*

சரி, வரலாறுக்கு வருவோம். கதவு எப்ப மூடிச்சு?

மூடறதுக்கு முன்னாடி ஒரு சம்பவம். 2006 ஆகஸ்டில் சோனி தயாரிச்ச பேட்டரிகள் தீப்பிடிக்குதுன்னு டெல் நிறுவனம் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அதே மாசம் ஆப்பிள் 18 லட்சம். எவ்வளவு பெரிய விஷயம்! ஆனா பயனாளி செய்ய வேண்டியிருந்தது என்ன? தாழ்ப்பாளை நகத்தி பேட்டரியைக் கழட்டி வெச்சுட்டு, புதுசு வர வரைக்கும் பொட்டியை நேரா மின்சாரத்துல ஓட்டினா போதும். பொட்டி வீட்டிலேயே இருக்கும், வேலையும் நடக்கும்.

அதே 2006ல் வந்த ஆப்பிளின் முதல் மேக்புக்கும் அப்படித்தான். ஒரு நாணயத்தால பேட்டரியைத் திருகி எடுத்துட்டா, அதுக்குப் பின்னாடியே நினைவகமும் ஹார்டு டிஸ்க்கும் இருக்கும். பள்ளிக்கூடப் பையன் கூட மாத்தலாம்.

ரெண்டே வருஷம். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு காகித உறையிலிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்தார். உலகமே வாயைப் பிளந்துச்சு. நானும்தான். அதுல நினைவகம் போர்டோட சால்டர் பண்ணினது, கூட்ட முடியாது. பேட்டரிக்குக் கதவு கிடையாது. 2009ல் 17 அங்குல மேக்புக் ப்ரோவும் அந்த வழிக்கு வந்தது. அந்த வருஷமே பேட்டரி ஸ்க்ரூவுக்கு அஞ்சு இதழ் பூ மாதிரி ஒரு புது வடிவம் வந்துச்சு. 2010ல் அது மேக்புக் ஏரின் அடி மூடிக்கே வந்துடுச்சு. அன்னிக்குக் கடையில அதுக்கு ஸ்க்ரூ டிரைவரே கிடையாது. ஸ்க்ரூங்கிறது திறக்கத்தானே? திறக்கக் கூடாதுங்கிறதுக்காகவே ஒரு ஸ்க்ரூ!

2012 ஜூனில் ரெட்டினா திரை மேக்புக் ப்ரோ. அதுல பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியே விட்டாங்க. பிரிச்சுப் பாத்து பத்துக்கு மார்க் போடற ஐஃபிக்ஸிட் அதுக்குக் குடுத்தது 1. இது ஒரு கம்பெனி கதை மட்டும் இல்ல. எல்லாரும் பின்னாலேயே போனாங்க. 2017ல் வந்த மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் லேப்டாப்பில் மேலே துணி ஒட்டியிருந்தது, அதைக் கிழிக்காம உள்ளே போக முடியாது. மார்க் 0.

நியாயமா பேசணும்னா எதிர்ப்பக்க வாதத்தையும் சொல்லணும். கழட்டற பேட்டரின்னா அதுக்குக் கெட்டியான ஒரு கூடு, தாழ்ப்பாள், பொட்டியில அதுக்கு ஒரு குழி எல்லாம் வேணும். அந்த இடத்தையெல்லாம் பேட்டரிக்கே குடுத்தா அதிக நேரம் ஓடும். 2009 பொட்டியில ஆப்பிள் சொன்னது 8 மணி நேரம், 1,000 தடவை சார்ஜ். பழசோட ஒப்பிட்டா பெரிய முன்னேற்றம்தான். நினைவகத்தை சிப்பு பக்கத்துலயே சால்டர் பண்ணினா மின்சாரம் மிச்சம், வேகமும் கூடும். நாமளும் எடை கம்மியா, ஒல்லியா இருக்கிறதைத்தானே தேடித் தேடி வாங்கினோம்? பழியை முழுசா அவங்க தலையில மட்டும் கட்டிட முடியாது.

ஆனா அதுக்கான விலை 2019ல் தெரிஞ்சுது. 2015 மாடல் 15 அங்குல மேக்புக் ப்ரோக்கள் சிலதுல பேட்டரி சூடாகித் தீப்பிடிக்கலாம்னு ஆப்பிள் திரும்பப் பெற ஆரம்பிச்சது. பேட்டரி இலவசமா மாத்திக் குடுத்தாங்க, அதைக் குறை சொல்லல. ஆனா தாழ்ப்பாள் எங்க இருக்கு நகத்தறதுக்கு? பொட்டியையே நிறுத்தி வெச்சுட்டு, முழுசா சர்வீஸுக்குக் குடுக்கணும். விமானத்துல எடுத்துட்டு வரக் கூடாதுன்னு அமெரிக்காவிலேயும் நம்ம ஊர்லயும் விமானப் போக்குவரத்து அதிகாரிகள் எச்சரிக்கை விட்டாங்க. 2006ல் அஞ்சு செகண்டு வேலையா இருந்தது, 2019ல் பொட்டியே இல்லாம நாள் கணக்கா உக்காந்திருக்கிற வேலை ஆச்சு.

*

மூடினவங்க ஒரு பக்கம்னா, திறந்தவங்க இன்னொரு பக்கம். 2003ல் கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரி விடுதி. கைல் வீன்ஸ்னு ஒரு மாணவர், தன்னோட ஐபுக் மடிக்கணினி உடைஞ்சு போய், சரி பண்ணக் கையேடு தேடியிருக்கார். கிடைக்கல. நண்பர் லூக் சூல்ஸோட சேந்து தட்டுத் தடுமாறித் திறந்தார். பட்ட பாட்டை அடுத்தவனாவது படாம இருக்கட்டும்னு படம் எடுத்து எழுதி வெச்சாங்க. மேல மார்க் போட்டுச்சுன்னு சொன்னேனே ஐஃபிக்ஸிட், அது பிறந்த கதை இதுதான். பூ ஸ்க்ரூ வந்தப்போ அதுக்கு டிரைவர் செஞ்சு வித்தவங்களும் இவங்கதான்.

2012 ஜூலையில் இன்னொரு வேடிக்கை. ஈபீட்னு ஒரு சுற்றுச்சூழல் தரப் பட்டியல் உண்டு. சாதாரணக் கருவிகளால பிரிக்க முடியணும்ங்கிறது அதோட எதிர்பார்ப்புகளில் ஒண்ணு. ஆப்பிள் அந்தப் பட்டியலே வேணாம்னு விலகிச்சு. உடனே சான் ஃபிரான்சிஸ்கோ நகராட்சி இனி மேக் வாங்க மாட்டோம்னு அறிவிச்சுது. சில நாள்லயே ஆப்பிள் திரும்பி வந்துடுச்சு. வாங்கறவன் சேந்து நின்னா என்ன ஆகும்னு காட்டின சம்பவம்.

அப்புறம் சட்டங்கள். 2021 ஜனவரியிலிருந்து பிரான்சில் மடிக்கணினி உட்பட சில பொருட்களுக்கு, ரிப்பேர் பண்றது எவ்வளவு சுலபம்னு பத்துக்கு மார்க் போட்டு விலைக்குப் பக்கத்துலயே காட்டணும்னு ஆச்சு. 2022 டிசம்பரில் நியூயார்க், 2023 அக்டோபரில் கலிஃபோர்னியா, ரெண்டு மாநிலத்திலேயும் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் கையெழுத்தாச்சு. கலிஃபோர்னியா சட்டப்படி 100 டாலரும் அதுக்கு மேலயும் விலையுள்ள மின்னணுச் சாதனத்துக்கு 7 வருஷத்துக்கு உதிரியும் கையேடும் கிடைக்கணும். ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் ஒரு பேட்டரி விதி கொண்டு வந்தது. 2027 பிப்ரவரி 18ங்கிற தேதியை வெச்சு, சாதனத்துல இருக்கிற பேட்டரியை வாங்கினவரே கழட்டி மாத்த முடியணும்ங்கிறது அதோட சாரம். நம்ம ஊர்லயும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதுக்கு ஒரு குழு போட்டு, அந்த டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணைய வாசலும் திறந்துச்சு.

பொட்டி செய்யறவங்க பக்கமும் ஒரு பதில் வந்தது. நீரவ் படேல் தொடங்கின ஃப்ரேம்வொர்க் நிறுவனம் 2021ல் ஒரு மடிக்கணினி வித்தது. ஒல்லியாத்தான் இருக்கு. ஆனா அடியில அஞ்சே ஸ்க்ரூ, அதுவும் கழட்டினாலும் கீழ விழாத ஸ்க்ரூ. டப்பாவுக்குள்ளேயே ஸ்க்ரூ டிரைவரும் குடுத்தாங்க! நினைவகம் சால்டர் பண்ணாத்தான் ஒல்லியாகும்னு சொன்னாங்கல்ல, அதுக்கும் பதில் வந்துடுச்சு. டெல் 2022ல் தட்டையா ஒரு கழட்டற நினைவக அட்டையைக் கொண்டு வந்தது. 2023 டிசம்பரில் அந்த வகை, எல்லாருக்குமான பொதுத் தரமாவே ஆயிடுச்சு.

இதுலேருந்து எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். ஒல்லியா இருக்கணும்னா ஒட்டித்தான் ஆகணும்ங்கிறது இயற்கை விதி இல்ல. யாரோ ஒரு அறையில உக்காந்து எடுத்த முடிவு. முடிவுன்னா அதை மாத்தவும் முடியும்.

*

பொண்ணோட பொட்டி என்னாச்சுன்னு கேக்கிறீங்களா?

வீங்கின பேட்டரியை நானே நோண்டலை. அது விளையாட்டு இல்ல மக்களே. நெம்புற கம்பி குத்திடுச்சுன்னா தீதான். சார்ஜ் போடாம, தனியா ஒரு டைல்ஸ் தரையில வெச்சுட்டு, மறுநாள் ரிச்சி தெருவுக்கு எடுத்துட்டுப் போனேன். மாடிப்படி ஏறினா ஆறடிக்கு ஆறடி கடை. உருப்பெருக்கி, சூட்டுக் காத்து ஊதற கருவி, மேசை முழுக்கப் பிரிச்சுப் போட்ட பொட்டிகள். கடைக்காரர் கையில வாங்கிப் பாத்தார்.

"இது பண்ணிடலாம் சார். பசைக்கு மருந்து விட்டு மெதுவா எடுக்கணும். ரெண்டு மணி நேரம் ஆகும், இருப்பீங்களா?"

"பேட்டரி மட்டும் தனியா வராதுன்னு சொன்னாங்களேண்ணே?"

சிரிச்சார். "வராது சார். நாமதான் வர வைக்கணும்."

நானும் பொண்ணும் பக்கத்துலயே ஸ்டூல்ல உக்காந்து பாத்தோம். ஓரத்துல சொட்டுச் சொட்டா ஸ்பிரிட் விட்டு, காத்திருந்து, ஒரு மெல்லிய நூலை அடியில விட்டு அறுக்கிற மாதிரி இழுத்து, ஆறு தலையணை மாதிரி உப்பியிருந்ததை ஒண்ணொண்ணா எடுத்தார். அவ கேள்வி மேல கேள்வி. அவரும் சலிக்காம சொன்னார். எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா, இதே தெருவுல இன்னொருத்தர்கிட்டயாம். அவர் டிவி ரிப்பேர்லேருந்து வந்தவராம். புது பேட்டரியும் கூலியும் சேத்து 5,500 ரூபாய். பழைய கீபோர்டு அப்படியே இருக்கு.

அந்த ஸ்டூல்ல உக்காந்திருந்தப்போதான் முதல்ல போட்ட முடிச்சு அவிழ்ந்துச்சு. பொட்டி பொழைக்கணும்னா அதைச் சுத்தி ஒரு சங்கம் வளரணும்னு ஃபெல்சன்ஸ்டைன் சொன்னாரே, இதுதானே அந்தச் சங்கம்! உறுப்பினர் அட்டை இல்லாத, கூட்டம் நடத்தாத சங்கம். மூடியை ஒட்டினப்போ கம்பெனி மிச்சம் பிடிச்சது ரெண்டு மில்லிமீட்டர். ஆனா ஒட்டினது பேட்டரியை மட்டும் இல்ல, ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குப் போற இந்தக் கைப்பழக்கத்தையும்தான். இந்தத் தெரு காலியாச்சுன்னா, சட்டம் போட்டாலும் திறக்க ஆள் இருக்க மாட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் பொண்ணு பரண் பொட்டியைக் கேட்டா. ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் குடுத்தேன். ஒரு வெள்ளைத் தாளும், செல்லோ டேப்பும். நான் பக்கத்துல கூட உக்காரல. ஒரு மணி நேரம் கழிச்சு உள்ளேருந்து சத்தம் வந்துச்சு.

"அப்பா! இங்க ஒரு ஸ்க்ரூ கம்மியா இருக்கு!"

ஊசி நூல் டப்பாவைத் தேடிட்டு இருக்கேன். அப்புறம் வரேன்.

டிஸ்கி: உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு பொட்டி இருக்கும். தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பாருங்க. முதல்ல பேட்டரியைக் கழட்டிடுங்க, சொல்லிட்டேன்.